ஆறாவது கம்பியைக் கழட்டுங்க: கீத் ரிச்சர்ட்ஸ் மாதிரி ரிதம் வாசிக்க ஒரு வழி

கிட்டார் வாங்கி ஒரு வருஷம் ஆன யாரைக் கேட்டாலும் சோலோ வாசிக்கணும்னுதான் சொல்வாங்க. நானும் அப்படித்தான் இருந்தேன், விரல் வேகமா ஓடணும், கண்ண மூடிக்கிட்டு முகத்த சுளிச்சுக்கிட்டு வாசிக்கணும், பக்கத்துல இருக்கறவன் வாயப் பொளந்து பாக்கணும், அவ்ளோதான் ஆசை. ரோலிங் ஸ்டோன்ஸ் கிட்டாரிஸ்ட் கீத் ரிச்சர்ட்ஸ் இதுக்கு நேர் எதிர் ஆளு. 1962லேர்ந்து அதே பேண்ட்ல இருக்கார், பேண்டோட பாடகர் மிக் ஜாகரோட சேந்து எழுதின பாட்டு நூத்துக்கணக்குல இருக்கு, ஆனா வேகமான சோலோவுக்காக அவரை யாரும் ஞாபகம் வச்சிருக்கறதில்ல. ரெண்டு கார்டு (பல சுரத்த ஒண்ணா சேத்து அடிக்கறது), நடுவுல ஒரு இடைவெளி, முதல் ரெண்டு செகண்ட்லயே இது இந்தாளுதான்னு தெரிஞ்சிடும். அது எப்படின்னு நான் தேடிப்போய் கத்துக்கிட்ட வரைக்கும் இங்க எழுதறேன், கூடவே அவரோட கதையும் வரும், ஏன்னா இந்தாளு விஷயத்துல டெக்னிக்க வாழ்க்கையிலேர்ந்து பிரிச்சு சொல்லவே முடியல.

முதல்ல ஒண்ணு, எடுத்த எடுப்புல கம்பியைக் கழட்டாதீங்க. அவரே முதல் ஆறு வருஷம் நம்ம எல்லாரும் வாசிக்கற சாதா ட்யூனிங்லதான் வாசிச்சார். 1943 டிசம்பர் 18ல டார்ட்ஃபோர்ட்ல பொறந்தவர், லண்டனுக்குப் பக்கத்து ஊரு. அம்மாவோட அப்பா கஸ், டான்ஸ் பேண்ட் நடத்தின மனுஷன், வீட்ல கிட்டார உயரத்துல எட்டாத மாதிரி வச்சிருப்பாராம், என்னிக்கு உன் கை எட்டுதோ அன்னிக்கு எடுத்துக்கோன்னு சொல்லி பையன ஏங்க விட்டிருக்கார். எனக்கு இந்தத் தாத்தாவ ரொம்பப் பிடிக்கும். அப்புறம் 1961 அக்டோபர்ல டார்ட்ஃபோர்ட் ரயில்வே ஸ்டேஷன்ல சின்ன வயசு கூட்டாளி மிக் ஜாகரைப் பாக்கறார், அவர் கையில சக் பெர்ரி, மடி வாட்டர்ஸ்னு அமெரிக்கக் கலைஞர்களோட ரெகார்டுங்க, அன்னிக்கு இங்கிலாந்துல அதெல்லாம் லேசுல கிடைக்காத சரக்கு. அந்த சிநேகம்தான் மறு வருஷமே பேண்ட் ஆச்சு, 1962 ஜூலை 12 லண்டன் மார்க்கீ கிளப்ல முதல் கச்சேரி.

இதுலேர்ந்து உங்களுக்கு என்ன வேலைன்னா, சக் பெர்ரி ரிதம். ஏ கம்பி (அஞ்சாவது) திறந்தபடி, டி கம்பி (நாலாவது) ரெண்டாவது ஃப்ரெட் (கிட்டார் கழுத்துல குறுக்க இருக்கற உலோகக் கட்டை), ரெண்டையும் சேத்து கீழ்நோக்கியே அடிங்க, ரெண்டு அடிக்கு ஒருதடவ விரல நாலாவது ஃப்ரெட்டுக்கு நீட்டி திரும்ப ரெண்டுக்கு வாங்க. டக்க டக்க டக்க டக்கன்னு வரும். சலிப்பா இருக்கும், சுண்டு விரல் வலிக்கும், ஆனா வலது கை நிக்காம ஓடற பழக்கம் இதுல மட்டும்தான் வரும். ஒரு வாரம் இத மட்டும் வாசிங்க, வீட்ல திட்டுவாங்க, பரவால்ல.

அடுத்து 'சாட்டிஸ்ஃபேக்‌ஷன்'. 1965. தூக்கத்துல இந்தப் பாட்டோட ரிஃப் (திரும்பத் திரும்ப வர சின்ன கிட்டார் துணுக்கு) கீத்துக்கு வந்து, எந்திரிச்சு பக்கத்துல இருந்த பிலிப்ஸ் கேசட் ரெகார்டர்ல வாசிச்சுட்டு அப்படியே தூங்கிட்டார், காலைல டேப்ப ஓட்டிப் பாத்தா கொஞ்ச நேரம் கிட்டார், மீதி முழுக்க கொறட்டை. இது அவரே பல தடவ சொன்ன கதை. மொதல்ல சிகாகோ செஸ் ஸ்டுடியோவுல ஒரு டேக் எடுத்தாங்க, சரியா வரல, ரெண்டு நாள் கழிச்சு ஹாலிவுட் ஆர்.சி.ஏ ஸ்டுடியோவுல மேஸ்ட்ரோ கம்பெனியோட ஃபஸ் பெடல (சத்தத்த கரகரன்னு ஆக்கற கருவி) மாட்டி வாசிச்சாங்க, அதுதான் இன்னிக்கு நாம கேக்கறது. வேடிக்கை என்னன்னா கீத் அத ஒரு மாதிரி வரைபடமாத்தான் நெனச்சார், அந்த எடத்துல அப்புறம் ட்ரம்பெட் சாக்ஸஃபோன்லாம் வரணும்னு. மத்தவங்க இதுவே போதும்னு ரிலீஸ் பண்ணிட்டாங்க, அமெரிக்காவுல நாலு வாரம் நம்பர் ஒண்ணு. அதே வருஷம் அமெரிக்கப் பாடகர் ஓட்டிஸ் ரெட்டிங் நெஜமாவே ஊதுகருவி வச்சு பாடி ரெகார்ட் பண்ணிக் காட்டினார்.

அந்த ரிஃப்ல இருக்கறது மூணே மூணு எடம். ஏ கம்பியில 2, 4, 5. அவ்ளோதான். பாட்ட ஓட விட்டு காதாலயே கண்டுபிடிங்க, எந்தக் கம்பி எந்த ஃப்ரெட்னு எழுதி வச்ச குறிப்ப (tab) பாக்காதீங்க, மூணு எடம்தானே, அஞ்சு நிமிஷத்துல வந்துடும். வந்ததுக்கப்புறம்தான் கஷ்டம் தெரியும், ஏன்னா அந்த மூணையும் எவ்ளோ நேரம் பிடிக்கறோம், எப்ப விடறோம்ங்கறதுலதான் விஷயமே இருக்கு. ரெகார்ட் பண்ணி ஒரிஜினலோட வச்சுக் கேளுங்க, உங்களது அவசரப்படற மாதிரி இருக்கும். எனக்கு இப்பவும் அப்படித்தான் இருக்கு.

ரெகார்டிங்னு சொன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது, 1968ல வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டிங் மேன்', 'ஜம்பின் ஜாக் ஃப்ளாஷ்' ரெண்டுலயும் கேக்கற அந்த கரகரப்பான சத்தம் எலெக்ட்ரிக் கிட்டார் இல்ல, அக்கூஸ்டிக். அதே பிலிப்ஸ் கேசட் ரெகார்டருக்கு ரொம்பப் பக்கத்துல உக்காந்து அது தாங்கமுடியாத அளவுக்கு அடிச்சு வாசிச்சார், மைக் திணறி சத்தம் ஒடைஞ்சுது, அந்த டேப்ப ஒரு ஸ்பீக்கர்ல ஓடவிட்டு திரும்ப ஸ்டுடியோ மெஷின்ல புடிச்சாங்க. 'ஸ்ட்ரீட் ஃபைட்டிங் மேன்'ல எலெக்ட்ரிக்னு இருக்கறது பேஸ் கிட்டார் மட்டும்தான், அதையும் வாசிச்சது இவரே. நீங்க வீட்ல செஞ்சு பாக்கலாம், அக்கூஸ்டிக்க ஃபோன் மைக்குக்கு ரெண்டு விரக்கடை தூரத்துல வச்சு ஓங்கி அடிங்க, அத ப்ளூடூத் ஸ்பீக்கர்ல போட்டு இன்னொரு ஃபோன்ல ரெகார்ட் பண்ணுங்க. இப்ப வர ஃபோனுங்க சத்தத்த தானாவே அடக்கிடும், அதனால அதே கரகரப்பு வராது, ஆனா கிட்டார் சத்தம் அமுங்கி முன்னாடி வந்து நிக்கற அந்த உணர்வு வரும்.

சரி, இப்ப கம்பி.

1968, 69 வாக்குல ரை கூடர்னு ஒரு அமெரிக்க கிட்டாரிஸ்ட் ஸ்டோன்ஸ் ரெகார்டிங்குக்கு வந்து போயிட்டு இருந்தார், அவர்கிட்டேர்ந்துதான் ஓப்பன் ஜி ட்யூனிங்க (எதையும் பிடிக்காம அடிச்சாலே ஜி கார்டு வர மாதிரி கம்பிகள வைக்கறது) கீத் பிடிச்சார். கூடருக்கு பின்னாடி இதுல மனக்கசப்பு, தன்கிட்டேர்ந்து நெறைய எடுத்துக்கிட்டாங்கன்னு குறைபட்டார், கீத்தும் ட்யூனிங் அவர்கிட்டேர்ந்துதான் வந்துதுன்னு ஒத்துக்கறார். ஆனா ட்யூனிங் கூடரோட சொத்தும் இல்ல, அஞ்சு கம்பி பான்ஜோவோட சாதா ட்யூனிங்கே அதுதான், மிசிசிப்பி ப்ளூஸ்காரங்க சன் ஹவுஸ், ராபர்ட் ஜான்சன் எல்லாம் கம்பி மேல ஸ்லைட் (விரல்ல மாட்டற குழாய்) வச்சு இழுத்து இதுலதான் வாசிச்சாங்க. கீத் செஞ்சது ரெண்டு காரியம், ஸ்லைட தூக்கிப்போட்டார், தடிச்ச ஆறாவது கம்பியையும் தூக்கிப்போட்டார். ஏன்னா ஓப்பன் ஜியில ஆறாவது கம்பி டி, கார்டோட அடிப்படை சுரம் ஜி அஞ்சாவது கம்பியில இருக்கு, அப்ப அந்த ஆறாவது அடியில சும்மா கும்முன்னு கொழப்பிக்கிட்டே இருக்கும்.

செய்யற விதம். ஆறாவது கம்பியக் கழட்டிடுங்க. அஞ்சாவது கம்பி ஏ, அத ஒரு முழு சுரம் (ரெண்டு ஃப்ரெட் அளவு) எறக்கி ஜி ஆக்குங்க. முதல் கம்பி ஈ, அதையும் ஒரு முழு சுரம் எறக்கி டி ஆக்குங்க. நடுவுல இருக்கற மூணையும் தொடவே வேண்டாம். தடிச்ச கம்பியிலேர்ந்து மெல்லிசு வரைக்கும் இப்ப ஜி, டி, ஜி, பி, டி. காதால சரிபாக்கணும்னா, அஞ்சாவது கம்பியோட ஏழாவது ஃப்ரெட்டும் திறந்த நாலாவது கம்பியும் ஒரே சுரமா இருக்கணும், ரெண்டாவது கம்பியோட மூணாவது ஃப்ரெட்டும் திறந்த முதல் கம்பியும் ஒண்ணா இருக்கணும்.

கர்நாடக சங்கீதம் கொஞ்சம் தெரிஞ்சவங்களுக்கு இத ஒரே வரியில சொல்லிடலாம், ச ப ச க ப. அவ்ளோதாங்க. எதையும் பிடிக்காம ஒரு தடவ தடவி விடுங்க, தம்புரா மாதிரி நிக்கும். எனக்கு இது பொறி தட்டின அன்னிக்குதான் இந்தாளு வாசிப்பு ஏன் ரெண்டு கார்டுலயே இவ்ளோ நெறைவா இருக்குன்னு புரிஞ்சுது, எங்க கைய வச்சாலும் ச-வும் ப-வும் ரெண்டு ரெண்டு தடவ இருக்கு.

நான் இத செஞ்சுட்டு கிளாஸுக்குப் போனப்ப மாஸ்டர் கிட்டாரப் பாத்துட்டு, தம்பி ஒரு கம்பி அறுந்துபோச்சு போல, அறுவது ரூபாதான் வாங்கி மாட்டுன்னார். விளக்கிச் சொன்னேன், அவர் நம்பின மாதிரி தெரியல.

கம்பி தடிமன் பத்தி ஒரு வார்த்தை. கடையில சாதாரணமா குடுக்கறது 9 இல்லன்னா 10 செட்டு (மெல்லிசு கம்பியோட தடிமன், இன்ச்ல ஆயிரத்துல ஒரு பங்கு கணக்குல), அதுல அஞ்சாவதையும் முதலையும் எறக்கினா தொளதொளன்னு ஆயிடும், பிடிக்கும்போதே சுருதி வெலகும். 11 செட்டு கேட்டு வாங்குங்க. அவரோடது 11, 15, 18, 30, 42ன்னு அஞ்சு கம்பி. கிட்டார் எதுவா இருந்தாலும் ஓகே, அவரோட பேர்போன கிட்டார் 1950களோட ஆரம்பத்துல செஞ்ச ஒரு ஃபெண்டர் டெலிகாஸ்டர், இன்னொரு கிட்டாரிஸ்ட் எரிக் கிளாப்டன் கீத்தோட 27வது பிறந்தநாளுக்குக் குடுத்ததுன்னு சொல்வாங்க, டிக்கன்ஸ் கதாபாத்திரம் மிக்காபர் பேர அதுக்கு வச்சிருக்கார். கழுத்துப் பக்க பிக்கப்ப (கம்பி அதிர்வ பிடிக்கற காந்தம்) எடுத்துட்டு கிப்ஸன் கம்பெனியோட ஹம்பக்கர்ங்கற பிக்கப்ப மாட்டியிருக்கு. உங்க ஆம்ப்ல கெயின (சத்தத்த ஒடைக்கற அளவு) கொறைங்க, வால்யூம ஏத்துங்க, இதுதான் முக்கியம், கெயின் அதிகம் வச்சா எல்லா கார்டும் ஒரே எறச்சலாத்தான் கேக்கும்.

இனி இடது கை. ஆள்காட்டி விரல அஞ்சாவது ஃப்ரெட்ல அஞ்சு கம்பிக்கும் குறுக்க படுக்க வைங்க, சி கார்டு வந்தாச்சு. ஏழாவதுல வச்சா டி, ரெண்டாவதுல வச்சா ஏ, பன்னண்டுல வச்சா திரும்ப ஜி. ஒரே விரல். இப்ப அஞ்சாவதுலயே விரல வச்சுக்கிட்டு, நடு விரல ரெண்டாவது கம்பியில ஆறாவது ஃப்ரெட்ல தட்டுங்க, மோதிர விரல நாலாவது கம்பியில ஏழாவது ஃப்ரெட்ல தட்டுங்க, ரெண்டும் ஒரே நேரத்துல விழணும். க இருந்த எடத்துல ம, ப இருந்த எடத்துல த. சி கார்டுக்குள்ளயே எஃப் கார்டு எட்டிப் பாத்துட்டுப் போகும். தட்டி எடுங்க, தட்டி எடுங்க. சி, எஃப், சி. கீத்தோட பாதி கேரியர் இந்த ரெண்டு விரலுக்குள்ள இருக்குன்னு சொன்னா சண்டைக்கு வருவாங்க, ஆனா நான் சொல்வேன்.

ஆரம்பத்துல ரெண்டு விரலும் ஒண்ணா விழாது, மோதிர விரல் முன்னாடி போயிடும் இல்ல நடு விரல் பக்கத்துக் கம்பிய ஒரசி டப்புன்னு அடைச்சிடும். நான் என்ன பண்ணேன்னா, வலது கைய மடியில வச்சுக்கிட்டு இடது கையால மட்டும் தட்டினேன், ஸ்ட்ரம்மே இல்லாம, கம்பியில விரல் விழற வேகத்துலயே சுரம் கேக்கணும். கேக்கற அளவுக்கு வந்ததும் ஸ்ட்ரம் சேத்தேன். நாலு நாள் ஆச்சு.

இப்ப 'ஹாங்கி டாங்க் விமன்' எடுங்க. 1969 ஜூலைல வந்த பாட்டு, பேண்ட ஆரம்பிச்ச ப்ரையன் ஜோன்ஸ் நீச்சல் குளத்துல செத்துப்போன மறுநாள் இங்கிலாந்துல ரிலீஸ் ஆச்சு. மொதல்ல மாட்டு மணி டங் டங்குன்னு வரும், அத அடிச்சது ப்ரொட்யூசர் ஜிம்மி மில்லர், அப்புறம் சார்லி வாட்ஸ் ட்ரம்ஸ், அதுக்கப்புறம்தான் கிட்டார். பாட்டோட முதல் வரிக்கு கார்டு திறந்த ஜி, அஞ்சாவது ஃப்ரெட் சி, ரெண்டாவது வரிக்கு திரும்ப ஜி, ரெண்டாவது ஃப்ரெட் ஏ, ஏழாவது ஃப்ரெட் டி. ஒரே விரல்ல மொத்த சரணமும் முடிஞ்சுது. கார்டுக்கும் கார்டுக்கும் நடுவுல அவர் வாசிக்காம விடற எடத்த கவனிங்க, அங்க கைய வச்சு எதையாவது ரொப்பணும்னு உங்களுக்கு அரிக்கும். ரொப்பாதீங்க. பாட்டு முடியறப்ப ஆரம்பிச்சத விட வேகமா இருக்கும், அதுவும் தப்பில்ல, அப்படியே விட்டிருக்காங்க.

அடுத்து 'ஸ்டார்ட் மீ அப்'. அஞ்சாவது ஃப்ரெட்ல அந்த ரெண்டு விரல் தட்டு, அப்புறம் மூணாவது ஃப்ரெட்ல அதே தட்டு, ரிஃப் முடிஞ்சுது. வாசிக்கறது லேசு, எங்க ஆரம்பிக்கறதுங்கறதுதான் வெவகாரம், முதல் தடவ கேக்கும்போது தாளத்தோட முதல் அடி எங்க விழுதுன்னே தெரியாது, ட்ரம்ஸ் உள்ள வந்து ஒரு சுத்து ஆனப்புறம்தான் தெளியும். இந்தப் பாட்டு மொதல்ல 1978ல பாரிஸ்ல ரெக்கே (ஜமைக்கா இசை) மாதிரி பல டேக் எடுத்து ஓரமா கெடந்தது, நடுவுல ராக் மாதிரி வாசிச்ச ஒரு டேக்க பின்னாடி தேடி எடுத்து 1981 'டாட்டூ யூ' ஆல்பத்துல போட்டாங்க. வேலைக்கு ஆகலன்னு வச்ச ரிஃப்ப அழிக்காதீங்க, ஃபோன்ல ஒரு ஃபோல்டர் போட்டு வைங்க.

தாளத்துக்கு வருவோம். வழக்கமா பேண்ட்னா ட்ரம்ஸ்காரர் இழுத்துட்டுப் போவார், மத்தவங்க பின்னாடி போவாங்க. ஸ்டோன்ஸ்ல சார்லி கீத்த பாத்து வாசிப்பார், 2021ல சாகற வரைக்கும் அப்படித்தான். அதனால கிட்டார் ஒரு மயிரிழை முன்னாடியும் ட்ரம்ஸ் ஒரு மயிரிழை பின்னாடியும் விழுந்து, இப்ப கவுந்துடும் இப்ப கவுந்துடும்னு ஆடிக்கிட்டே போகும், ஆனா கவுறாது. சார்லி ஸ்நேர் (நடு ட்ரம்) அடிக்கற நேரத்துல ஹை-ஹாட்ல (ஜோடி ஜால்ரா மாதிரி இருக்கற தட்டு) அடிக்காம கைய தூக்கிடுவார், வீடியோவுல பாருங்க, அந்த சின்ன ஓட்டையிலதான் கிட்டார் மூச்சு விடுது. இத வீட்ல தனியா பழகறதுக்கு, ஃபோன்ல மெட்ரோனோம் போட்டு அந்த க்ளிக்க ஒண்ணு மூணுன்னு எண்ணாம ரெண்டு நாலுன்னு எண்ணுங்க. முதல் நாள் தலை சுத்தும். சத்தியமா சுத்தும்.

கூட இன்னொரு கிட்டார் வாசிக்கற நண்பர் இருந்தா இன்னும் நல்லது. 1962ல செல்ஸீ ஈடித் குரோவ்ல ஒரு கேவலமான ஃப்ளாட்ல குளிருல உக்காந்து கீத்தும் ப்ரையன் ஜோன்ஸும் அமெரிக்க ப்ளூஸ்காரர் ஜிம்மி ரீட் ரெகார்டுகள திரும்பத் திரும்பப் போட்டு, ரெண்டு கிட்டார் ஒண்ணுக்குள்ள ஒண்ணு எப்படிப் பின்னிக்குதுன்னு பிரிச்சுப் பிரிச்சுக் கேட்டாங்க. கீத் அத நெசவுன்னுதான் சொல்வார். ஒருத்தர் ரிதம் ஒருத்தர் லீட்ன்னு வீட்ட பாகம் பிரிக்கற மாதிரி பிரிக்கறதில்ல, அவர் விட்ட எடத்துல இவர், இவர் விட்ட எடத்துல அவர். நடுவுல 1969லேர்ந்து 74 வரைக்கும் மிக் டெய்லர் இருந்தப்ப இது கொஞ்சம் மாறிச்சு, டெய்லர் அருமையான சோலோ ஆளு, அதனால கீத் ரிதம்ல நின்னுட்டார், பேண்டோட பெஸ்ட் ஆல்பங்க அந்த வருஷங்கள்லதான் வந்ததுன்னு என்னோட கருத்து. 1975ல ரானி வுட் வந்ததும் திரும்ப நெசவு. நீங்க ரெண்டு பேரா வாசிக்கும்போது ஒருத்தர் ஓப்பன் ஜி அஞ்சு கம்பி, இன்னொருத்தர் சாதா ட்யூனிங்ல மேல் ஃப்ரெட்டுகள்ல மட்டும், ஒரே எடத்துல ரெண்டு பேரும் நிக்காதீங்க.

பாட்டு எழுதறது பத்தியும் கேப்பீங்க. மேனேஜர் ஆண்ட்ரூ லூக் ஓல்டம், அடுத்தவன் பாட்டையே எத்தன நாள் பாடுவீங்கன்னு கீத், மிக் ரெண்டு பேரையும் சமையலறையில போட்டுப் பூட்டி, பாட்டோட வெளிய வாங்கன்னு சொன்னதா கதை. அங்கேர்ந்து ஆரம்பிச்சு 1965ல 'தி லாஸ்ட் டைம்' இங்கிலாந்துல நம்பர் ஒண்ணு ஆச்சு. கீத் முறை என்னன்னா, ரிஃப்பும் ஒரு வரியும் கொண்டு வருவார், மீதி வார்த்தைய மிக் பாத்துப்பார், 'சாட்டிஸ்ஃபேக்‌ஷன்' அப்படித்தான். வார்த்தை வரலன்னா ஆ ஓ ஈன்னு வாயில வர சத்தத்த பாடிப் பாடி, எந்த சத்தம் அந்த எடத்துல உக்காருதோ அதுக்கேத்த வார்த்தைய தேடறது. நம்ம ஊர்ல தத்தகாரம்னு சொல்றோமே, கிட்டத்தட்ட அதே. நீங்களும் ரிஃப்ப ஓடவிட்டு தன்னானேன்னு பாடுங்க, பேப்பர் பேனாவ அப்புறம் எடுங்க.

போதை, கேஸு, கோர்ட்டு பத்தி நெறைய பேர் எழுதிட்டாங்க, 1977ல டொரான்டோவுல ஹெராயினோட மாட்டி, பார்வையில்லாதவங்களுக்காக ஒரு கச்சேரி வாசிக்கணும்னு தீர்ப்பு வாங்கினது வரைக்கும். அந்த ஸ்டைல் நமக்கு வேண்டாம். 2006ல ஃபிஜியில மரத்துலேர்ந்து விழுந்து மண்டையில ஆபரேஷன், அதுக்கப்புறமும் டூர் போனார். எனக்கு அதெல்லாத்தையும் விட அவர் கைதான் ஆச்சரியம், சமீபத்து வீடியோவுல விரல் முட்டியெல்லாம் ஆர்த்ரைட்டிஸ்ல புடைச்சு இருக்கும், 2023ல 'ஹாக்னி டயமண்ட்ஸ்' ஆல்பம் வந்தப்ப வயசு 79, முன்ன விட கொறைவா வாசிக்கறார், ஆனா அந்த தட்டு எங்க விழணுமோ அங்க விழுது. விரல் வலி இருக்கறவங்க, வயசானப்புறம் கத்துக்கறவங்க இந்த ட்யூனிங்க தாராளமா எடுக்கலாம்.

கடைசியா ஒரு கேப்போ (எல்லா கம்பியையும் ஒரு ஃப்ரெட்ல சேத்து அழுத்திப் பிடிக்கற கிளிப்) வாங்குங்க. 1971ல வரிக்குப் பயந்து இங்கிலாந்த விட்டு ஃபிரான்ஸ் போய், வீல்ஃப்ராஞ்ச் ஊர்ல கீத் வாடகைக்கு எடுத்த நெல்கோட் பங்களாவோட பேஸ்மென்ட்ல ரெகார்டிங் பண்ணாங்க, புழுக்கம் தாங்காது, கிட்டார் சுருதி நிக்கவே நிக்காதாம். ஒரு நாள் மத்தவங்க வந்து சேரல, கீத், சாக்ஸஃபோன் பாபி கீஸ், ட்ரம்ஸ்ல ஜிம்மி மில்லர், மூணு பேரா ஆரம்பிச்சு சில மணி நேரத்துலயே 'ஹாப்பி' ரெடி, பாடினதும் கீத்தே. அதுக்கும் 'டம்ப்ளிங் டைஸ்'க்கும் அஞ்சு கம்பியில நாலாவது ஃப்ரெட்ல கேப்போ போட்டா பாட்டோட சுருதிக்கு சரியா வரும், மத்ததெல்லாம் மேல சொன்ன அதே ரெண்டு விரல்தான். கேப்போ போட்டதும் திரும்ப ஒருதடவ ட்யூன் பாத்துடுங்க, மே மாசத்துல பாட்டுக்குப் பாட்டு பாக்க வேண்டியிருக்கும்.

கழட்டின ஆறாவது கம்பிய சுருட்டி அதோட கவர்லயே போட்டு பேர் எழுதி வைங்க. என்னோடது எங்க இருக்குன்னு ரெண்டு வருஷமா தெரியல.